கல்லணை வரை போய்த் திரும்ப

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலை ரத்த அழுத்தம் 130/80. தண்ணீர் இரண்டரை லிட்டர். மாத்திரைகள் நேரத்துக்கு.

டாக்டர் கங்காதரன் தினமும் குறித்து வைக்கச் சொன்னதால் வாங்கிய டைரி இது. எனக்குச் சிறுநீரக மாற்று அறுவை நடந்து இரண்டு வருடமாகிறது. இதுவரை அளவுகளைத் தவிர இதில் ஒரு வரி எழுதியதில்லை. இன்று எழுதாமல் முடியாது போலிருக்கிறது.

காலைப் பூசை முடிந்து வந்ததும் ரெஜினா சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸியை நிறுத்தாமலே சொன்னாள்.

"ஏங்க, ஜனவரியில நம்ம ஊர்ல மாரத்தான் வைக்கிறாங்க. திருவானைக்காவல்ல இருந்து கல்லணை தாண்டிப் போய்த் திரும்பணும். நாப்பத்திரண்டு கிலோமீட்டர். பேர் கொடுத்துட்டேன்."

"கொடுக்கலாமான்னு கேக்கிறியா, கொடுத்துட்டேன்னு சொல்றியா?"

"கொடுத்துட்டேன்னு சொல்றேன்."

ரெஜினாவுக்கு நாற்பத்து மூன்று வயது. தலைமைத் தபால் நிலையத்தில் கவுண்டர் வேலை. பகல் முழுக்க உட்கார்ந்தே இருப்பவள். என் உடம்பில் இப்போது ஓடிக்கொண்டிருப்பது அவளுடைய கிட்னி. அவளிடம் மிச்சம் இருப்பது ஒன்று. அறுவை முடிந்தபிறகு அவளை நடக்கச் சொன்னார்கள். பொன்மலை ரயில்வே மைதானத்தில் நடக்கப் போனாள். அந்த நடை எப்போது ஓட்டமானது என்று எனக்குத் தெரியாது. இப்போது பத்து கிலோமீட்டர் ஓடுகிறாள். அதுவரைக்கும் நான் ஒன்றும் சொன்னதில்லை.

நாற்பத்திரண்டு என்றால் பேருந்தில் போகிற தூரம்.

ஆகஸ்ட் 7, புதன்

மாதாந்திரப் பரிசோதனைக்கு இருவருமாகப் போனோம். என் சோதனை முடிவுகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு டாக்டர் ரெஜினா பக்கம் திரும்பினார். அவள் கேட்டாள். அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"தாராளமா ஓடுங்க. ரெண்டு விஷயம் மட்டும். எவ்வளவு வலிச்சாலும் வலி மாத்திரை போடக் கூடாது, அது கிட்னிக்கு ஆகாது. தண்ணி குறையக் கூடாது, பயந்துக்கிட்டுக் குடம் குடமாவும் குடிக்கக் கூடாது. நடுவுல ஒருமுறை ரத்தம் பாத்துக்குவோம்."

"அவ்வளவுதானா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"அவ்வளவுதான் சூசைராஜ். நீங்க வேற ஏதாவது எதிர்பார்த்தீங்களா?"

இல்லை என்றேன். என்ன எதிர்பார்த்து அவளைக் கூட்டிக்கொண்டு போனேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

திருவானைக்காவலில் இருந்து கல்லணைச் சாலையில் பனையபுரம் வரை போய் வந்தாள். நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். நாய்களுக்காக.

அவளோடு ஹமீதா என்பவரும் ஓடுகிறார். வங்கியில் வேலை, ஏற்கெனவே இரண்டு மாரத்தான் ஓடியவர். சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அண்ணே, இந்த ரோட்டு நாயெல்லாம் எங்களுக்குப் பழக்கம். உங்க வண்டியைப் பாத்துத்தான் குலைக்குது."

அடுத்த வாரமும் போவேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்தநாள். கோவிலில் நல்ல கூட்டம். பிரசங்கத்தில் ஃபாதர் தியாகத்தைப் பற்றிப் பேசினார். பேசிக்கொண்டே வந்தவர், "நம் பங்கு மக்களிலேயே ஒரு சகோதரி இருக்கிறார், தன் கணவருக்குத் தன் உடலையே பகிர்ந்து கொடுத்தவர்" என்றார். எல்லாத் தலையும் எங்கள் வரிசைக்குத் திரும்பியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ரெஜினா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீடு வந்ததும் ரெஜினா சேலை மாற்றிக்கொண்டு வந்து, பிரியாணிக்கு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தபிறகுதான் வாய் திறந்தாள்.

"ரெண்டு வருஷமா எங்க போனாலும் இதே பேச்சு. கல்யாண வீட்ல, கருமாதி வீட்ல, ஆபீஸ்ல. கிட்னி கொடுத்த ரெஜினா. அன்னைக்கு நான் என்னங்க செஞ்சேன்? கையெழுத்துப் போட்டேன், படுத்தேன், ஊசி போட்டாங்க, தூங்கிட்டேன். முழிச்சப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. தூங்கினதுக்கு ஒருத்தரை இவ்வளவு பாராட்டுவாங்களா?"

"பயமா இருந்திருக்கும்ல?"

"இருந்துச்சு. நீங்க செத்துருவீங்கன்னு பயமா இருந்துச்சு. அதுல பெருமைப்பட என்ன இருக்கு?"

வெங்காயம் நறுக்கி முடித்துக் கத்தியைக் கழுவினாள். "இந்த ஓட்டம் அப்படி இல்ல. முழுக்க முழிச்சுக்கிட்டு நான் செய்யறது" என்றாள்.

நான் இஞ்சியை உரித்துக் கொடுத்தேன். அவள் சொன்னது எனக்குப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். பெருமைப்படுவதற்கு ஒன்றுமில்லை என்றால், நான் இந்த இரண்டு வருடமும் அவளை என்னவாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

செப்டம்பர் 22, ஞாயிறு

ரெஜினாவுக்கு வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. விழுந்துவிடும், புதிதாய் முளைக்கும் என்று ஹமீதா சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது ரெஜினா முகத்தில் ஒரு சந்தோஷம், பள்ளிக்கூடத்தில் பதக்கம் வாங்கிய பிள்ளை மாதிரி.

திருவளர்ச்சோலை டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர், "என்னம்மா, பஸ்ஸை விட்டுட்டீங்களா?" என்று கேட்டார். "ஆமாண்ணே, அடுத்த ஸ்டாப்ல புடிச்சிருவேன்" என்று நிற்காமலே சொல்லிவிட்டுப் போனாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் போவதையே பார்த்தார். நானும்தான்.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. உத்தமர்சீலி தாண்டிப் போய்த் திரும்பினாள். முழங்கால் வலி. மாத்திரை கிடையாது. ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிக் கொடுத்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஐந்து மணிக்குக் கிளம்பும்போதே தூறல். கிளிக்கூட்டை நெருங்கும்போது கொட்ட ஆரம்பித்தது. வாழைத்தோப்பெல்லாம் ஒரே இரைச்சல். ஹமீதா ஒரு கடை ஓரமாக ஒதுங்கினார். நானும் ஸ்கூட்டரை நிறுத்தி மழைக்கோட்டைத் தேடினேன். நிமிர்ந்து பார்த்தால் ரெஜினா நிற்கவே இல்லை, வெகுதூரம் போய்விட்டிருந்தாள்.

வேகமாகப் போய்ப் பிடித்தேன். "ஏறிக்கோ" என்று சொல்லத்தான் போனேன். பக்கத்தில் போனதும் அவள் முகத்தைப் பார்த்தேன். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் எதையோ முறைத்துக்கொண்டிருந்தது. கோபம் என்று முதலில் நினைத்தேன். கோபமில்லை. அவள் கோபம் எனக்குத் தெரியும். இருபத்தொரு வருடமாகக் கூட இருக்கிறேன், இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. அந்தக் கணத்தில் அவள் யாருக்கும் மனைவியில்லை, எங்கள் மகள் ஷெரினுக்கு அம்மா இல்லை. அந்த மழைக்கும் அவளுக்கும் இடையில் நான் போக எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது.

வேகத்தைக் குறைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். முழுக்க நனைந்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது. என்னைவிட நன்றாக.

நவம்பர் 21, வியாழன்

லேசான அலுப்பு. நான் வேலை பார்க்கும் ரயில்வே பணிமனையில் ஸ்டோர் கணக்கெடுப்பு நடக்கிறது, அதுவாக இருக்கும்.

நவம்பர் 23, சனி

இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கனம். தெர்மாமீட்டர் நூறுக்கு மேலே காட்டுகிறது. அது பழைய தெர்மாமீட்டர்.

நாளை அவளுக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர். மொத்தப் பயிற்சியிலும் இதுதான் பெரியது, இதை முடித்துவிட்டால் மற்றதை முடித்துவிடலாம் என்று ஹமீதா சொல்லியிருக்கிறார். மூன்று நாளாகச் சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் அதற்காகத் தயார் செய்துகொண்டிருக்கிறாள். டாக்டரைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

நவம்பர் 24, ஞாயிறு

ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். பனி என்று சொன்னேன்.

ஓடி முடித்தாள். கல்லணை மதகுகளைத் தொட்டுவிட்டு வந்தாள். கடைசியில் வண்டிப் பக்கம் வந்து சீட்டில் கையை ஊன்றி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே, "முடிஞ்சுதுங்க" என்றாள். அவ்வளவு அழகாக இருந்தாள்.

பேனா பிடிக்க முடியவில்லை. ஸ்வெட்டருக்குள்ளும் குளிர்கிறது.

நவம்பர் 29, வெள்ளி

ஆஸ்பத்திரி. இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

ஞாயிறு மதியம் குளியலறை வாசலில் விழுந்துவிட்டேனாம். எனக்கு நினைவில்லை. சிறுநீர்த் தொற்று, கிட்னி வரைக்கும் ஏறியிருந்தது. கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. கிட்னியை உடம்பு தள்ளிவிடுமோ என்று முதல் இரண்டு நாளும் டாக்டர் பயந்திருக்கிறார். மழையில் நனைந்ததால் வந்ததில்லை என்றார். ஆனால் காய்ச்சல் தொடங்கிய அன்றே வந்திருந்தால் ஊசி இரண்டோடு முடிந்திருக்கும் என்றார். அதை ரெஜினா இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டாம்.

அவர் போனபிறகு அவள் கதவைச் சாத்தினாள்.

"எப்ப இருந்து காய்ச்சல்?"

"சனிக்கிழமை."

"உண்மையைச் சொல்லுங்க."

"வியாழக்கிழமையே கொஞ்சம் இருந்திருக்கும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்கு ஞாயித்துக்கிழமை பெரிய ஓட்டம்."

அவள் சலைன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "நான் கொடுத்ததை நீங்க வச்சுக் காப்பாத்துற லட்சணம் இதுதானா?"

இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அவள் 'நான் கொடுத்தது' என்று சொன்னதில்லை. யார் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் வாயால் இன்றுதான் கேட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

கிரியாட்டினின் இறங்கிவிட்டது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் லூர்து அக்கா வந்தது. என்னைவிட ஏழு வயது பெரியது, எனக்கு அம்மா மாதிரி. ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு ரெஜினாவிடம் சொன்னது: "போதும் ரெஜினா. உனக்கு இருக்கிறது ஒண்ணு, அவனுக்கு இருக்கிறது ஒண்ணு. ரெண்டு பேருமா ரோட்ல என்னத்துக்கு ஓடிக்கிட்டுக் கிடக்கிறீங்க?"

"நிறுத்திட்டேன் அண்ணி" என்றாள் ரெஜினா.

அக்காவுக்கு நிம்மதி. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் இதே வார்த்தையைக் கேட்டிருந்தால் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பேன். இன்று, யாரோ வீட்டில் இருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போனதுபோல இருக்கிறது.

ஷூவைப் பழைய துணிகளோடு பரணில் போட்டுவிட்டாள்.

டிசம்பர் 9, திங்கள்

அலுவலகம் போகிறாள், வருகிறாள், சமைக்கிறாள். ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது அவளுக்கு. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள். நானும் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

டிசம்பர் 11, புதன்

இன்று கேட்டுவிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா சொன்னதுக்காகவா நிறுத்தினே?"

"அண்ணி சொல்லி நான் என்னைக்கு எதை நிறுத்தியிருக்கேன்?"

"அப்புறம்?"

"நான் ஓடினா நீங்க உடம்பை மறைக்கிறீங்க. அதான்."

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்து மடித்தேன். இந்த மாதிரி நேரத்தில் எனக்குப் பேச வராது. வந்ததைச் சொன்னேன். "எனக்காக நீ ஒருதடவை விட்டது போதும்னு நினைச்சேன் ரெஜி. இன்னொரு தடவை என்னால நீ எதையும் விடக் கூடாதுன்னு."

"நான் எதையும் விடலங்க. கொடுத்தேன். ரெண்டும் வேற."

நான் மடித்த சட்டையை உதறி மறுபடி அவளே மடித்தாள்.

"காய்ச்சல்னா முதல்ல என்கிட்ட சொல்லணும். ஓட்டத்துக்கு முதல் நாளா இருந்தாலும் சரி, ஓடிக்கிட்டே இருந்தாலும் சரி. இந்த ஜனவரி இல்லன்னா அடுத்த ஜனவரி ஓடுவேன். கிட்னி அப்படி வருஷா வருஷம் வைப்பாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அந்தோணியார் படத்துக்கு முன்னால் நின்று சொல்லச் சொன்னாள். நின்று சொன்னேன்.

டிசம்பர் 12, வியாழன்

காலையில் விழித்தபோது பக்கத்தில் அவள் இல்லை. பரணுக்குக் கீழே நாற்காலி கிடந்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

இரண்டு வாரத்துக்கு மேல் விட்டதால் உடம்பு மறந்துவிட்டது என்கிறாள். ஹமீதா, "மெதுவா ஓடலாம், முடிச்சா போதும்" என்கிறார். ரெஜினா ஒத்துக்கொண்டாள். ஆனால் அவள் ஒத்துக்கொண்ட விதம் எனக்குத் தெரியும்.

நான் வீட்டிலேயே இருந்தேன். டாக்டர் ஒரு மாதத்துக்கு வெயிலும் கூட்டமும் வேண்டாம் என்றிருக்கிறார். அவள் வருகிறவரை மூன்று முறை வாசலுக்குப் போய் வந்தேன். வாசலைக் கூட்டினேன் என்றும் சொல்லலாம்.

டிசம்பர் 25, புதன்

ஷெரின் சென்னையில் இருந்து வந்துவிட்டாள். கேக் அவளே செய்தாள். அம்மாவின் கறுத்த நகத்தைப் படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பியிருக்கிறாள். பத்து நாள் இருந்து ஓட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவாளாம்.

ஜனவரி 4, சனி

மாலை உடம்புச் சூடு பார்த்தேன். சாதாரணம். அவளிடம் காட்டினேன். புதுத் தெர்மாமீட்டர்.

ஜனவரி 5, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

விடியுமுன்னே திருவானைக்காவல் மைதானத்தில் கூட்டம். இவ்வளவு பேர் ஓடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன். ரெஜினா முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துவிட்டுப் போய்க் கூட்டத்தில் நின்றாள். கொடி அசைந்ததும் அவள் எங்கே என்று தெரியவில்லை.

ஷெரின் ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராகக் காத்திருந்தோம். பனையபுரத்தில் நன்றாக வந்தாள். கிளிக்கூட்டில் ஹமீதாவோடு பேசிக்கொண்டே வந்தாள். கல்லணைக்கு அப்பால் திரும்பி, மதகுப் பாலத்தின் மேல் வந்தபோது ஆற்றில் வெயில் பட்டு மின்னிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினாள். ஹமீதா முன்னால் போய்விட்டிருந்தார்.

உத்தமர்சீலிக்கு முன்னால் வெகுநேரம் காத்திருந்தோம். வரவில்லை. எங்களைக் கடந்தவர்கள் எல்லாம் நடந்துதான் போனார்கள். ஷெரின் வண்டியைத் திருப்பினாள். ஒரு வாய்க்கால் பாலத்துச் சுவரில் ரெஜினா உட்கார்ந்திருந்தாள். கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டு, கல் மாதிரி இறுகியிருந்தது. பக்கத்தில் ஒரு தொண்டர் பையன் மாத்திரை அட்டையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"வலிக்குப் போடறதுதானே? வேணாம்பா. உப்பு போட்ட தண்ணி இருந்தா கொடு" என்றாள்.

பின்னால், ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன் வந்து நின்றது. உள்ளே ஏற்கெனவே நான்கைந்து பேர். டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏறிக்கங்கம்மா, இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு" என்றார்.

ரெஜினா என்னைப் பார்த்தாள்.

என் வாயில் என்ன வந்து நின்றது என்று எனக்குத் தெரியும். ஆகஸ்டில் இருந்து வந்து நிற்கிற வார்த்தைதான். அதை விழுங்கிவிட்டு அவள் பக்கத்தில் குந்தினேன்.

"கால் மட்டுமா, வேற எங்கயாவது வலிக்குதா?"

"கால்தான்."

"ஒண்ணுக்குப் போனியா?"

"கல்லணையில போனேன். நல்லாத்தான் போச்சு."

"தலை சுத்துதா?"

"இல்ல."

"அப்ப நீ பாத்துக்க" என்றேன்.

ஷெரின் கெண்டைக்காலை நீவிவிட்டாள். ரெஜினா உப்புத் தண்ணீரைக் குடித்தாள். எழுந்தாள். முதல் பத்தடி நொண்டினாள். பிறகு நடந்தாள். வேன் அவளுக்குப் பின்னால் மெதுவாக நகர்ந்தது. ஒரு திருப்பத்தில் பார்த்தால் கையை ஆட்டி ஓட ஆரம்பித்திருந்தாள். ஓட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவள் ஓடினாள்.

நாங்கள் முன்னால் மைதானத்துக்குப் போய்விட்டோம். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. லூர்து அக்கா குடையோடு வந்து நின்றது. வரமாட்டேன் என்று சொன்ன அக்கா. மேடையில் மைக் வைத்திருந்த இளைஞரிடம் அது ஏதோ பேசிக்கொண்டிருந்ததைத் தாமதமாகத்தான் கவனித்தேன். அவர் பரபரப்பாக என்னிடம் வந்தார்.

"சார், உங்க மனைவி ஒரே கிட்னியோட ஓடுறாங்களாமே. உங்களுக்குத் தானம் பண்ணியிருக்காங்களாம். இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? அவங்க வர்றப்ப அறிவிக்கிறேன், நீங்களும் மேல வந்து ரெண்டு வார்த்தை பேசுங்க."

"வேண்டாம் தம்பி."

"எல்லாருக்கும் ஒரு ஊக்கமா இருக்கும் சார்."

"இருக்கும். ஆனா அவ ஓடுறது அதுக்காக இல்ல. பேரை மட்டும் சொல்லுங்க. ரெஜினா. முதல் மாரத்தான். அது போதும்."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தது. "என்னடா, சொன்னா என்ன குறைஞ்சா போயிடும்? அவளுக்குப் பெருமைதானே?"

"அது எனக்குப் பெருமை, அக்கா. அவளுக்கு இதுதான்" என்றேன். அக்காவிடம் நான் எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அக்கா குடையை என் தலைக்கு நகர்த்திப் பிடித்தது.

சாலை முனையில் முதலில் ரெஜினா தெரிந்தாள். அவளுக்கு வெகுதூரம் பின்னால் அந்த வேன். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முகம் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. தண்ணீர்க் கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முன்பே ஓடி முடித்துப் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஹமீதா எழுந்து நின்றார்.

"ரெஜினா. முதல் மாரத்தான்" என்றது மைக்.

கை தட்டினார்கள். மிச்சமிருந்த அத்தனை பேரும். ஷெரின் விசிலடித்தாள். ரெஜினா கோட்டைத் தாண்டி நின்றாள், குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கைதட்டல் நிற்கவில்லை. நிமிர்ந்து, யாருக்குத் தட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் சாலையில் யாரும் ஓடி வரவில்லை.

அதன்பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.